விசா வேண்டாம், ஆனால் அனுமதி வேண்டும்: ஜப்பான் பாஸ்போர்ட்காரர்களுக்கான ஆன்லைன் முன் அனுமதி – முழுமையான வழிகாட்டி

ஜப்பானியர் வாயில் அடிக்கடி வரும் சொல் 'பிசா-நாஷி'. விசா இல்லாமல் என்று பொருள். ஹவாய் பிசா-நாஷி, லண்டன் பிசா-நாஷி, வான்கூவர் பிசா-நாஷி. 2008 வரை ஹவாய்க்குப் போனவர்கள் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். விமானத்தில் கொடுக்கும் பச்சை அட்டையை நிரப்பினால் போதும். அந்தப் பழக்கம் வயதானவர்கள் மனதில் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று விசா வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் கிளம்பும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் விமான நிறுவனமே உங்களை ஏற்றாது.

நான் தோக்கியோவின் நிஷி-கசாயில் இருக்கிறேன். என் மனைவியும் மகளும் ஜப்பான் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள், என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். வீட்டில் இந்தப் படிவங்களை நிரப்புவது என் வேலை. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே நிலை: மனைவியோ கணவரோ பிள்ளைகளோ ஜப்பான் குடியுரிமை உள்ளவர்கள். அலுவலகத்தில் ஜப்பானிய சகாக்களின் பயணத்தை ஏற்பாடு செய்யும் தமிழர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வசதி பாஸ்போர்ட்டுக்குத்தான், வசிக்கும் நாட்டுக்கு அல்ல. ஜப்பானில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அமெரிக்காவுக்கு எஸ்டா என்ற ஆன்லைன் முன் அனுமதியில் போக முடியாது, விசா வாங்கித்தான் ஆக வேண்டும். குடும்பமாகப் போகும்போது உங்கள் விசா நேர்காணல் தேதியைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு மற்றவர்களின் டிக்கெட்டைப் போடுங்கள்.

எந்த நாட்டுக்கு எது

அமெரிக்காவுக்கு எஸ்டா. ஜப்பான் 1988இலேயே அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. எஸ்டா 2009 ஜனவரி 12இல் கட்டாயமானது. 90 நாள் வரை தங்கலாம், அனுமதி இரண்டு வருடம் செல்லும். கனடாவுக்கு இடிஏ, அதாவது மின்னணுப் பயண அனுமதி: 7 கனடிய டாலர், ஐந்து வருடம் செல்லும். பிரிட்டனுக்கும் இடிஏ என்றே பெயர், ஜப்பானியருக்கு 2025 ஜனவரி 8 முதல் கட்டாயம், இரண்டு வருடம் செல்லும். ஆஸ்திரேலியாவின் இடிஏ சட்டப்படி ஒரு விசாதான், அதற்கு 601 என்ற வகை எண் உண்டு. ஆனால் போனில் உள்ள செயலியிலேயே முடிந்துவிடுவதால் எல்லோரும் அதை இந்தப் பட்டியலில்தான் சேர்க்கிறார்கள். 12 மாதம் செல்லும், ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் தங்கலாம். நியூசிலாந்தின் என்இசட்இடிஏ 2019 அக்டோபர் முதல் இருக்கிறது, இரண்டு வருடம் செல்லும். இஸ்ரேலும் 2025 ஜனவரி முதல் 25 ஷெக்கெல் கட்டணத்தில் இதேபோல் ஒன்றைக் கேட்கிறது.

தென் கொரியாவின் கதை வேறு. 2021 செப்டம்பரில் கே-இடிஏ கட்டாயமானது. ஆனால் 2023 ஏப்ரலிலிருந்து ஜப்பான் உட்படச் சில நாட்டவருக்குத் தற்காலிக விலக்கு கொடுத்து, அதை நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். தற்காலிகம் என்ற சொல்லை மறக்காதீர்கள். புத்தாண்டையொட்டி சோலுக்குப் போகிறவர்கள் அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

ஐரோப்பாவுக்கு எட்டியாஸ் வரப்போகிறது. தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் நாடுகள் 29உம் சைப்ரஸும் சேர்ந்து 30 நாடுகளுக்கு ஒரே அனுமதி. 2026இன் கடைசிக் காலாண்டில் தொடங்குவதாக அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் 20 யூரோ, மூன்று வருடம் செல்லும், 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அது முறையாகத் தொடங்கும் முன்பே "எட்டியாஸ் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று.

குவாம், சைப்பான் போகும் குடும்பங்கள் பலர் குழம்புகிறார்கள். இரண்டும் அமெரிக்க மண்தான், ஆனால் அங்கே 45 நாள் வரை தங்குவதற்குத் தனித் திட்டம் உண்டு. அதற்கான ஆன்லைன் அனுமதி 2024 நவம்பர் 29 முதல் கட்டாயம், கட்டணம் கிடையாது, ஐந்து நாளாவது முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்டா இருந்தால் அதிலேயே 90 நாள் தங்கலாம். நான்கு நாள் கடற்கரை விடுமுறைக்கு இலவச அனுமதியே போதும். ஆனால் அந்த அனுமதியை வைத்துக்கொண்டு ஹவாய் போக முடியாது.

சென்னைக்கு வரும் ஜப்பானிய நண்பர்களைப் பற்றியும் ஒரு வரி. இந்தியா இந்த வகையில் சேராது. ஜப்பானியருக்கு விசா வேண்டும், மின்விசாவும் உண்டு. இதோடு, சென்னை உட்பட ஆறு விமான நிலையங்களில் வந்திறங்கியதும் விசா பெறும் வசதியை இந்தியா ஜப்பானியருக்குக் கொடுத்திருக்கிறது.

அனுமதி வேறு, வருகை அட்டை வேறு

தாய்லாந்து 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கேட்கிறது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் அதற்கு முன்பிருந்தே கேட்கின்றன, கொரியாவிலும் மின் வருகை அட்டை வந்துவிட்டது. இவை முன் அனுமதி அல்ல. விமானத்தில் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை இப்போது போனில் எழுதுகிறோம், அவ்வளவுதான். யாரும் ஆராய்ந்து முடிவு சொல்வதில்லை, கட்டணமும் இல்லை. பெரும்பாலும் வந்து சேர்வதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

அதாவது இரண்டுக்கும் நேரக்கணக்கு தலைகீழ். முன் அனுமதியை எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறோமோ அவ்வளவு நல்லது. வருகை அட்டையைச் சீக்கிரம் நிரப்பப் போனால் தளமே ஏற்காது. பாங்காக் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தேடி, அதிகாரபூர்வத் தளம் ஏற்காததால் வேறு ஏதோ தளத்தில் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். இலவச அட்டைக்குப் பணம் கேட்டால் நீங்கள் இருக்கும் தளம் தவறு.

முதல் படி: பாஸ்போர்ட்டைத் திறந்து வையுங்கள்

டிக்கெட்டுக்கும் முன்னால் இது. எல்லா முன் அனுமதிகளும் பாஸ்போர்ட் எண்ணோடு பிணைக்கப்பட்டவை. ஆளுக்கு அனுமதி என்று நினைக்காதீர்கள், அந்தப் புத்தகத்துக்கு அனுமதி. புதுப்பித்தால் எண் மாறும், பழைய அனுமதி அன்றே செத்துவிடும். ஐந்து வருடக் கனடா அனுமதியில் நான்கு வருடம் பாக்கி இருந்தாலும் சரி, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு குடும்பம் ஹொனலூலு கிளம்பியது. நான்கு பேருக்கும் எஸ்டா இருந்தது. அதில் அம்மா இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தார். செக்-இன் கவுன்டரில் மூன்று பேருக்குப் பச்சை, அவருக்கு மட்டும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து போனில் விண்ணப்பித்தார்கள், விமானம் கிளம்பும்வரை முடிவு வரவில்லை. பிள்ளைகளும் அப்பாவும் போனார்கள், அவர் மறுநாள் தனியாகப் போனார். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

காலாவதித் தேதியைப் பாருங்கள். சிவப்பு மேலட்டை போட்ட பாஸ்போர்ட் பத்து வருடம், கருநீல மேலட்டை போட்டது ஐந்து வருடம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஐந்து வருடப் பாஸ்போர்ட் மட்டுமே. அதனால் வீட்டில் முதலில் காலாவதியாவது பெரும்பாலும் குழந்தையுடையதுதான். இரண்டு வருட எஸ்டா என்றாலும், பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடிந்தால் எஸ்டாவும் எட்டு மாதம்தான். ஒரு வருடத்துக்குள் காலாவதி என்றால் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, பிறகு அனுமதிக்கு விண்ணப்பிப்பதே பணத்துக்கு நல்லது. 2025 மார்ச் 24 முதல் வழங்கப்படும் புதிய வகை பாஸ்போர்ட் கைக்கு வர இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகிறது. அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணைத் தட்டும்போது ஒரு சிறு விதி: ஜப்பான் பாஸ்போர்ட் எண்ணில் முதல் இரண்டு இடம் எழுத்து, அடுத்த ஏழும் இலக்கம். பின்னால் வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம், ஓ அல்ல. இது ஒன்று தெரிந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

பெயர்: எல்லாத் தொல்லையும் இங்கேதான்

ஜப்பானியப் பெயரை ரோமன் எழுத்தில் எழுத வெளியுறவு அமைச்சு ஹெப்பர்ன் முறையைப் பின்பற்றுகிறது. இந்த முறையில் நெடில் காணாமல் போகும். ஓனோ என்று குறுகிய ஓசையில் தொடங்கும் குடும்பப் பெயரும், ஓஓனோ என்று நீளும் குடும்பப் பெயரும் ஒரே ஓ-என்-ஓ ஆகிவிடும். இரண்டாமவர் விரும்பினால் எச் சேர்த்து ஓ-எச்-என்-ஓ என்று எழுத அனுமதி கேட்கலாம். பாஸ்போர்ட் எடுத்தபோது கேட்டாரா இல்லையா என்பது பத்து வருடம் கழித்து அவருக்கே நினைவிருக்காது. அதேபோல் பி, எம் எழுத்துகளுக்கு முன்னால் வரும் 'ன்' ஓசையை எம் என்று எழுதுவார்கள். ஹொன்மா என்று நாம் தட்டுகிறோம், பாஸ்போர்ட்டில் ஹொம்மா என்று இருக்கும். கிரெடிட் கார்டில் ஒரு மாதிரி, விமான நிறுவன உறுப்பினர் அட்டையில் வேறு மாதிரி. படிவத்துக்கு முக்கியம் பாஸ்போர்ட் மட்டுமே. படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே உள்ளதுதான் உங்கள் பெயர்.

கலப்புக் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு சிக்கல். பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருப்போம், குடும்பப் பதிவேட்டில் அது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்தில் இருக்கும். ஹெப்பர்ன் முறையில் அப்படியே மாற்றினால் கார்த்திக் என்பது 'கருதெய்க்கு' போல ஆகிவிடும். முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே ஹெப்பர்ன் அல்லாத எழுத்துக்கூட்டல் வேண்டும் என்று சான்றோடு கேட்க வேண்டும். ஒருமுறை தேர்ந்ததைப் பிறகு எளிதில் மாற்ற விடமாட்டார்கள். அதைத் தெரியாமல் விட்டுவிட்டு, கல்லூரிப் பருவத்தில் பிள்ளை கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் குடும்பப் பெயரை அடைப்புக்குறிக்குள் மாற்றுப் பெயராகச் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. என் மகளின் பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் உள்ளது பாஸ்போர்ட் சிப்பிலும் இல்லை, அடியிலுள்ள இரண்டு வரிகளிலும் இல்லை. ஜப்பான் அரசு தன் குடிமக்களுக்குக் கொடுக்கும் விளக்கம் அது. அதனால் டிக்கெட்டிலும் முன் அனுமதியிலும் பெயர்க் கட்டத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. வேறு பெயர்கள் உண்டா என்று எஸ்டா தனியாகக் கேட்கும் இடத்தில் எழுதுங்கள். திருமணத்துக்கு முந்தைய பெயரும் அங்கேதான்.

நடுப்பெயர் கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள். ஜப்பான் பாஸ்போர்ட்டில் நடுப்பெயருக்கென்று தனி இடம் கிடையாது.

எஸ்டா, கட்டம் கட்டமாக

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்விகள் அதிகம் இதில்தான். இதை ஒருமுறை முடித்தவருக்கு மற்றவை எளிது.

அமெரிக்கச் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் தொடங்குங்கள். முகவரி 'டாட் கவ்' என்று முடிய வேண்டும். மேலே மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றலாம், ஆனால் பதில்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். தனி விண்ணப்பமா, குழுவா என்று கேட்கும். குடும்பத்துக்குக் குழு விண்ணப்பம் வசதி, பணத்தை மொத்தமாகக் கட்டலாம். கைக்குழந்தைக்கும் தனி எஸ்டா வேண்டும்.

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றச் சொல்லும். விளக்கொளி பட்டுப் பளபளக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். தளம் அதிலிருந்து விவரங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும், நீங்கள் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். மின்னஞ்சலுக்கு ஒரு எண் வரும், அதைத் தட்டினால் மேலே போகலாம். ஜப்பானிய கைபேசி நிறுவனங்களின் பழைய மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பவர்களுக்கு வெளிநாட்டு மின்னஞ்சல் தடுக்கப்பட்டிருக்கலாம், வேறு முகவரி கொடுப்பது நல்லது.

பிறந்த ஊர் கேட்கும் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஜப்பான் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் கிடையாது. அங்கே இருப்பது 'ஹொன்செகி', அதாவது குடும்பப் பதிவேடு இருக்கும் மாநிலம். தாத்தா காலத்தில் ககோஷிமாவில் பதிந்ததாக இருக்கலாம், ஆள் பிறந்தது யோக்கோஹாமாவாக இருக்கலாம். எழுத வேண்டியது உண்மையில் பிறந்த நகரம்.

முகவரியைச் சிறியதிலிருந்து பெரியதாகத் திருப்பி எழுதுங்கள்: வீட்டு எண், பகுதி, வட்டம், தோக்கியோ. தொலைபேசியில் ஜப்பானின் 81 போட்டபின் முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். 090 என்பது 81க்குப் பிறகு 90 ஆகும். பிறந்த ஆண்டை ஜப்பானியர் ஷோவா, ஹெய்சேய் என்ற பேரரசர் காலக் கணக்கில் சொல்வார்கள், அதை ஆங்கில ஆண்டாக மாற்றி எழுதுங்கள். நாளும் மாதமும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு குடியுரிமை உண்டா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். இங்கே ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. நிறுவனம் அனுப்பி நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ இருந்த ஜப்பானியத் தம்பதிக்கு அங்கே பிறந்த குழந்தை பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். அந்தப் பிள்ளை எஸ்டாவில் போக முடியாது, அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் அமெரிக்காவுக்குள் போக வேண்டும். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் அந்தந்த நாட்டு இடிஏ கிடையாது. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை (ஓசிஐ) அட்டை வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் குழப்பம் வேண்டாம். பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் அது இந்தியப் பாஸ்போர்ட்டைத் தரும் குடியுரிமை அல்ல.

அப்பா அம்மா பெயர், வேலை, அமெரிக்காவில் தொடர்புக்கு ஒருவர், தங்குமிடம், அவசரத் தொடர்பு இவையெல்லாம் வரிசையாக வரும். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் ஓட்டல் பெயரையும் எண்ணையும் கொடுத்தால் போதும். அமெரிக்கா வழியாக மட்டும் போகிறீர்களா என்றும் கேட்கும். லாஸ் ஏஞ்சலிஸில் விமானம் மாறி மெக்சிகோவோ பிரேசிலோ போகிறவருக்கும் எஸ்டா கட்டாயம், இதை டிக்கெட் விற்பவர்கள் சொல்லாமல் விடுவதுண்டு.

பிறகு ஒன்பது ஆம்-இல்லை கேள்விகள். வேகமாக எல்லாவற்றிலும் 'இல்லை' தட்டிக்கொண்டே போகாதீர்கள். கைதானதுண்டா, முன்பு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா, அனுமதிக்கப்பட்ட நாளைத் தாண்டித் தங்கினீர்களா என்பவை அதில் உண்டு. கடைசிக் கேள்வி பயணங்களைப் பற்றியது. 2011 மார்ச் 1க்குப் பிறகு ஈரான், ஈராக், சிரியா, சூடான், லிபியா, சோமாலியா, ஏமன், வட கொரியா போனவர்களுக்கும், 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போனவர்களுக்கும் எஸ்டா பொதுவாகக் கிடைக்காது, விசாவுக்குத்தான் போக வேண்டும். ஹவானாவில் தேனிலவு கழித்த ஜோடிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொய் சொல்லி அனுமதி வாங்கினால் பிற்காலத்தில் விசாவுக்கும் கதவு அடைபடும்.

கடைசியில் மீள்பார்வைப் பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, முடிந்தால் இன்னொருவரை உரக்க வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பணம் கட்டியபின் மின்னஞ்சல், முகவரி போன்றவற்றை மாற்றலாம். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் தவறென்றால் புது விண்ணப்பம், மறுபடி முழுக் கட்டணம். விண்ணப்ப எண்ணைப் படமெடுத்து வையுங்கள். ஏழு நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் விண்ணப்பம் போய்விடும்.

72 மணி நேரம் முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்கிறது அமெரிக்க அரசு. என் யோசனை அதைவிடக் கண்டிப்பானது: டிக்கெட் போட்ட அன்றே முடித்துவிடுங்கள். ஓட்டல் முடிவாகவில்லை என்றால் கவலை வேண்டாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற நாடுகளில் கவனிக்க வேண்டியவை

கனடாவில் குழு விண்ணப்பம் இல்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். படிவம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். இடிஏ விமானத்தில் போகிறவர்களுக்கு மட்டுமே. சியாட்டிலிலிருந்து காரில் வான்கூவர் போனால் வேண்டாம். வட துருவ ஒளி பார்க்க யெல்லோநைஃப் போகும் ஜப்பானியர்கள் விமானத்தில்தான் போகிறார்கள், அவர்களுக்குக் கட்டாயம்.

ஆஸ்திரேலியாவுக்குச் செயலியில்தான் விண்ணப்பம், சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். செயலி பாஸ்போர்ட் சிப்பைப் படிக்கும். 2006இலிருந்து ஜப்பான் பாஸ்போர்ட்டில் சிப் உண்டு. பழைய பாஸ்போர்ட்டுகளில் நடுவே சற்றுத் தடித்த தாள் இருக்கும், அதற்குள்தான் சிப். போன் உறையைக் கழற்றிவிட்டு அந்தத் தாளின்மீது அசையாமல் வையுங்கள். படிக்கவில்லையென்றால் அரை அங்குலம் நகர்த்திப் பாருங்கள். அம்மா அப்பாவுக்கு இந்தச் செயலிதான் மிகச் சிரமம், நேரில் போய்ச் செய்து கொடுங்கள்.

நியூசிலாந்தில் செயலி வழியாக 17 நியூசிலாந்து டாலர், இணையதளம் வழியாக 23. அதோடு சுற்றுலா வரி 100. 2024 அக்டோபருக்கு முன் அந்த வரி 35 மட்டுமே. ஆக்லாந்தில் விமானம் மாறுவதற்கும் அனுமதி வேண்டும்.

பிரிட்டனில் ஆறு மாதம் வரை இருக்கலாம், முடிவு பொதுவாக மூன்று வேலை நாட்களில் வரும். ஹீத்ரோவில் குடியேற்றச் சோதனையைத் தாண்டாமல் விமானம் மாறுபவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிய தனித்தனி டிக்கெட் என்றால் தேவை.

கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. எஸ்டா 2010இல் 14 டாலர், 2022இல் 21, 2025 செப்டம்பர் 30இல் 40 ஆனது. பிரிட்டன் ஜப்பானியருக்கு 10 பவுண்டில் தொடங்கி மூன்றே மாதத்தில், 2025 ஏப்ரலில், 16 ஆக்கியது. நான்கு பேர் ஹவாய் போனால் எஸ்டாவுக்கே சுமார் 160 டாலர், ஒரு டாலர் 150 யென் என்று வைத்தால் சுமார் 24,000 யென். விண்ணப்பிக்கும் அன்று அதிகாரபூர்வத் தளத்தில் தெரியும் தொகையே கணக்கு. அனுமதி முடிய ஆறு மாதம் இருக்கிறது, அது முடிந்த கொஞ்ச நாளில் இன்னொரு பயணம் உண்டு என்றால் அந்தப் பயணத்தை முன்னால் நகர்த்த முடியுமா என்று பாருங்கள்.

தேடுபொறியின் முதல் வரியை நம்பாதீர்கள்

எஸ்டா என்று ஜப்பானிய மொழியில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். தரகுத் தளங்கள் அரசுத் தளம் போலவே நீலமும் கழுகுமாக வடிவமைக்கப்பட்டிருக்கும். சட்டப்படி அவர்கள் 'உதவிக் கட்டணம்' வாங்கலாம், ஆனால் பல மடங்கு வாங்குகிறார்கள். ஜப்பானின் தேசிய நுகர்வோர் மையம் இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பணத்தைவிடப் பெரிய கவலை, உங்கள் பாஸ்போர்ட் படமும் பெற்றோர் பெயரும் யாரோ ஒருவர் கையில் போவது.

முகவரியின் முடிவைப் பாருங்கள். அமெரிக்கா 'டாட் கவ்', பிரிட்டன் 'கவ் டாட் யூகே', கனடா 'கனடா டாட் சிஏ', ஐரோப்பா 'யூரோப்பா டாட் இயூ'. செயலி என்றால் அரசுத் தளத்திலுள்ள இணைப்பு வழியாகப் பதிவிறக்குங்கள். மாட்டிக்கொண்டால் உடனே அட்டை நிறுவனத்திடம் சொல்லுங்கள், அரசுத் தளத்தில் அனுமதி உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சில தரகர்கள் உண்மையாகவே விண்ணப்பித்திருப்பார்கள், அப்போது மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

முடிவு வந்தபின்

எஸ்டாவில் மூன்று பதில்கள்: அனுமதி, நிலுவை, மறுப்பு. நிலுவை என்றால் பதற வேண்டாம், பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் தெளிவாகிவிடும். அதற்குள் இன்னொரு விண்ணப்பம் போடாதீர்கள். மறுப்பு என்றால் தட்டச்சுத் தவறா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தோக்கியோ அமெரிக்கத் தூதரகத்திலோ ஒசாக்காத் துணைத் தூதரகத்திலோ சுற்றுலா, வணிகப் பயணத்துக்கான பி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாளாகும், ஆகவேதான் சீக்கிரம் விண்ணப்பிக்கச் சொல்கிறேன்.

அனுமதி என்பது விமானம் ஏறும் உரிமை. உள்ளே விடுவதை அங்கே இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி இரண்டையும் காகிதத்தில் கையில் வைத்திருங்கள். 90 நாளை நீட்டிக்க முடியாது. நடுவில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று நினைப்பதும் தவறு, அந்த நாட்களும் அதே 90இல் சேரும். எஸ்டாவின் தேதி நீங்கள் அங்கே இருக்கும்போது முடிந்தால் பரவாயில்லை, இறங்கும் நாளில் செல்லுபடியாக இருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இருவர் பெயர், பாஸ்போர்ட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், காலாவதித் தேதி, எந்த நாட்டு அனுமதி எதுவரை என்று. டிக்கெட் போடும் முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் திறப்போம். மகளின் பாஸ்போர்ட் அடுத்த ஆண்டு மார்ச்சில் முடிகிறது. அதைப் புதுப்பித்த பிறகுதான் கோல்டன் வீக் விடுமுறைக்கு அவளுக்கு எஸ்டா போட வேண்டும் என்று சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறாள் என் மனைவி.